இரண்டு குளத்தூர்க்காரிகள்

இடைசெவலுக்கு வாக்கப்பட்டு வந்த பெண்களை அங்கே யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிறந்த ஊர்தான் பேர். கயத்தாற்றிலிருந்து வந்தவள் கயத்தாற்றுக்காரி. நான் குளத்தூர்க்காரி. ரேஷன் கடைக்குப் போனால்தான் எனக்கு வேறு பேர் உண்டென்று எனக்கே ஞாபகம் வரும்.

எனக்கு முன்னாலேயே எங்கள் தெருவில் ஒரு குளத்தூர்க்காரி இருந்தாள். நான் வந்ததும் அவளைப் பழைய குளத்தூர்க்காரி என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நேத்து வந்தவ புதுசு, நான் என்ன பழைய சேலையா?" என்று குழாயடியில் எல்லார் முன்னாலும் கேட்டாள்.

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதோடு பேச்சு நின்றது. பிள்ளைகள் தலையெடுத்த பிறகும் நின்றது நின்றதுதான்.

தொண்ணூறுகளில் எங்கள் தெருவுக்கே பலசரக்குக் கடையில்தான் போன். ஒருநாள் நான் பருத்தி எடுக்கக் கிளம்பும்போது கடைக்கார அண்ணாச்சி வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"குளத்தூர்ல இருந்து போன் தாயி. அப்பாவுக்கு ரொம்ப முடியலையாம். ஒடனே வரச் சொல்லுதாவ."

அதற்குள் எதிர்வீட்டிலிருந்து பழைய குளத்தூர்க்காரி ஓடி வந்தாள். "யாரு அப்பாவுக்கு அண்ணாச்சி?"

அவர் முழித்தார். "குளத்தூர்க்காரிகிட்ட சொல்லுங்கன்னாவ. எந்தக் குளத்தூர்க்காரின்னு கேக்கதுக்குள்ள லைன் கட்டாயிட்டு."

திரும்பக் கூப்பிட நம்பர் இல்லை. இரண்டு பேரும் கிளம்பினோம். கோவில்பட்டியில் விளாத்திகுளம் வழியாகக் குளத்தூர் போகும் பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் சீட்டு ஒன்றுதான் கிடைத்தது. ஜன்னலோரத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். எட்டயபுரம் தாண்டும்வரை அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அவள்தான் பேசினாள்.

"ஏட்டி, எங்கப்பாவா இருந்தா நீ கூட இரு. ஒங்கப்பாவா இருந்தா நான் இருக்கேன்."

நான் தலையை ஆட்டினேன். அழுகை வந்துவிட்டது.

"யாருக்குன்னே தெரியல, அதுக்குள்ள என்ன அழுக?" என்று அதட்டிவிட்டு அவளும் அழுதாள்.

குளத்தூரில் இறங்கியதும் டீக்கடையில் ஒருவர் எழுந்து நின்று, "இடைசெவக்காரிய ரெண்டு பேரும் வந்துட்டாவ!" என்று சத்தம் கொடுத்தார். பிறந்த ஊரில் எங்களுக்கு அதுதான் பேர். அங்கேயும் இரண்டு பேருக்கும் ஒன்றேதான். பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "ஒங்கப்பாதான் தாயி. வெரசாப் போ."

அவள் அப்பா வீட்டைத் தாண்டித்தான் எங்கள் வீடு. அவர் நிழலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். அவரைக் கண்டதும் அவள் ஒரு பெருமூச்சு விட்டாள், ஆனால் நிற்கவில்லை. "வாரேன்ப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அப்பாவுக்கு நினைவு இருந்தது. அவர் தலையை அவள் தாங்கிப் பிடித்தாள், நான் பால் ஊற்றினேன். காரியம் முடியும்வரை அவள் ஊர் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு குளத்தூரிலிருந்து போன் வந்தால் அண்ணாச்சி எந்தக் குளத்தூர்க்காரி என்று கேட்பதில்லை. இரண்டு பேரையும் சேர்த்தே கூப்பிடுவார். அவள் அப்பாவுக்கு என்று போன் வந்த அன்றும் இரண்டு பேரும்தான் போனோம். பஸ்ஸில் இந்தத் தடவை ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டேன்.