கழுவாத குச்சி

உப்பு என்றால் கல்லாகவோ தூளாகவோ இருக்கும் என்று நம்பி வாழ்பவர்கள் பாக்கியவான்கள். லேசாகச் சூடு காட்டினாலே விளக்கெண்ணெய் பதத்துக்கு இளகி நிற்கும் உப்புகளோடு நான் பல வருடங்களாகக் குடித்தனம் நடத்துகிறேன். அயனித் திரவம் என்று பெயர். தண்ணீரால் அசைக்க முடியாத மரநாரை இது கரைத்துவிடும். தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் பேராசிரியனாக இருந்துகொண்டு, கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்து செய்து கழித்த திராட்சைக் குச்சிகளை அதில் கரைத்துச் சர்க்கரை எடுப்பதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கரைத்தவர் என்னிடம் ஆய்வு செய்த பெண்மணி.

தேவாரத்துக்காரர். நாற்பதைத் தொடப்போகும் வயது, இரண்டு பிள்ளைகள். பதிவுக் காலம் ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிக்கப்பட்டிருந்தது. ஆனிக்குள் ஆய்வேடு ஏறாவிட்டால் பட்டம் இல்லை. வீட்டிலும் அதே கெடுதான் வைத்திருந்தார்கள்.

அனுமந்தன்பட்டித் தோட்டம் ஒன்றில் குச்சி வாங்கி வந்த அன்று, அவர் என் அறை வாசலில் தயங்கி நின்றார்.

"சார், தோட்டக்காரர் இது மயில்துத்தமும் சுண்ணாம்பும் அடிச்ச குச்சின்னு சொன்னாக. கழுவிட்டு எடுத்துக்கிருங்க தாயின்னாக. ஆசிட்ல ஒருவாட்டி அலசிறவா?"

அறையில் இளைய ஆசிரியர்கள் நான்கு பேர் இருந்தார்கள். ஆள் இருந்தால் எனக்கு நாக்கு நீளும்.

"குளிப்பாட்டி, பவுடர் போட்டு, பொட்டும் வச்சுக் கூட்டிட்டு வாங்கம்மா. பொண்ணு பார்க்க வர்றாகல்ல."

நால்வரும் சிரித்தார்கள். அவரும் சிரிக்க முயன்றார். அப்புறம் கழுவவில்லை.

சர்க்கரை எதிர்பார்த்ததைவிட வெகுவாக அதிகம் வந்தது. நான் மூன்று கருத்தரங்குகளில் மார்பை நிமிர்த்திக்கொண்டு பேசினேன். கரைத்தபின் மிஞ்சிய சக்கையை அலசிய நீர் ஏன் இளம்பச்சையாக இருக்கிறது என்று அவர் ஒருமுறை கேட்டபோது, மரத்தின் இயல்பு என்றேன். எனக்குத் தெரியாததெல்லாம் இயல்பில் சேர்ந்துவிடும்.

ஆய்வேட்டுக்கு முந்தைய தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர், ஆய்வேட்டில் ஒட்டியிருந்த அந்தப் பச்சை நீரின் புகைப்படத்தில் பேனா முனையை வைத்தார். செம்பு இருக்கிறதா என்று சோதித்தீர்களா, குச்சியைக் கழுவினீர்களா என்று கேட்டார். மயில்துத்தம் செம்பின் உப்பு; திராட்சைக் கொடிக்கு அதை அடிப்பது இந்தப் பள்ளத்தாக்கில் மாட்டுக்குக்கூடத் தெரியும். செம்பு வினையைத் தூண்டியிருந்தால் எடுத்த அத்தனை அளவீடும் உப்பின் பெருமை அல்ல, துத்தத்தின் பெருமை. அவையே என்னைப் பார்த்தது.

"கழுவச் சொல்லித்தான் அனுப்பினேன்" என்றேன்.

எவ்வளவு இயல்பாக வந்தது தெரியுமா, யோசிக்கக்கூட இல்லை. அந்த நால்வரில் இருவர் அவையில் இருந்தார்கள். மேசையின் மரத்தை ஆராய்ந்தார்கள். அந்தப் பெண்மணியும் மறுக்கவில்லை. நான் கையெழுத்திடாமல் எந்த ஆய்வேடும் நகராது என்பது அவருக்குத் தெரியும்.

கழுவிய குச்சியில் மறுபடி செய்து பார்த்தார். சர்க்கரை பாதிகூடத் தேறவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய ஒரு வருடமாவது வேண்டும். ஆனி முடிந்தது. பதிவு ரத்தானது. நான் சும்மா இருக்கவில்லை. அயனித் திரவத்தில் செம்பின் விளைவு என்று தலைப்பை மாற்றி, அவருடைய அளவீடுகளை என் பெயரில் கட்டுரையாக்கினேன். நன்றியுரையில் அவருக்கு அரை வரி கொடுத்த தாராளம் என்னுடையது.

ஆய்வுக்கூடச் சாவியை ஒப்படைக்க வந்தவர் தினமும் செய்ததை எழுதிவந்த ஆய்வு நோட்டையும் கொண்டுவந்திருந்தார்.

"சார், கழுவச் சொன்னேன்னு அன்னைக்குச் சொன்னீகள்ல. அது நோட்டுல இல்ல. பின்னாடி யாராச்சும் கேட்டா உங்களுக்குச் சங்கடம். எழுதிட்டுப் போயிறவா?"

முகத்தில் கிண்டலைத் தேடினேன். இருந்திருந்தால் பிழைத்திருப்பேன்.

"எழுதிருங்கம்மா" என்றேன்.

குச்சி வாங்கிய நாளின் பக்கத்தில், அடியில் மிச்சமிருந்த இடத்தில், கழுவச் சொன்னார், நான் கழுவவில்லை என்று நிதானமாக எழுதினார். பிறகு நோட்டை என் பக்கம் திருப்பி, பேனாவை அதன் மேல் வைத்தார்.

"கையெழுத்துப் போடுங்க சார். தேதி குச்சி வாங்குன அன்னைக்கு உள்ளதையே போட்டுக்கங்க."

போட்டேன்.