நாற்பத்தொரு காந்தங்கள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஏனக்கா என்றுதான் அழைப்போம். கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவி, உலர்த்தி, கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. எதைக் கேட்டாலும் கொடுப்பதற்கு முன் "ஏன்?" என்று ஒருமுறை கேட்டுவிடுவார். கொடுக்க மனமில்லாமல் அல்ல. அந்தப் பாத்திரம் எங்கே போகிறது, அதற்குள் என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவரால் இருக்க முடியாது.

வெளியூரிலிருந்து வந்த ஒரு பெரிய விஞ்ஞானி அமில அறைக்குள் கழுத்துப்பட்டையோடு நுழைந்தபோது, "சார், இது அமிலத்துக்குள்ள விழுந்துட்டா நீங்க இழுப்பீங்களா, அது உங்கள இழுக்குமா?" என்று கேட்டவர் அவர்தான். அந்த மனிதர் உடனே பட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டிலும் இதே கதைதான். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள், சாப்பாட்டு நேரத்தில் அம்மாவுக்கு மூன்று ஏன்கள்தான் என்று வரையறுத்து வைத்திருக்கிறாள். மாமியார் டிவியில் தொடர் பார்க்கும்போது ஏனக்கா பக்கத்தில் உட்காரக் கூடாது. "ஏன் அத்த, அந்தப் பொண்ணு லெட்டரைப் பிரிக்காமலே அழறா?" என்று கேட்டதிலிருந்து இந்தத் தடை. கணவர் கைபேசி பழுதுபார்ப்பவர். சாந்தமான மனிதர். கடையில் வாடிக்கையாளர்களிடம் நாள் முழுக்கப் பேசிவிட்டு வருவதால் வீட்டில் தலையை மட்டும் ஆட்டுவார்.

ஏனக்கா பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர். மகள் பிறந்த பிறகு இரண்டு வருடம் மூக்குக் கண்ணாடிக் கடையில் இருந்துவிட்டு இங்கே வந்தார். அப்போதிலிருந்து எட்டு வருடமாக ஒப்பந்த வேலை. ஒவ்வொரு வருடமும் ஒரு தாள் வரும், கையெழுத்துப் போடுவார். இந்த வருடம்தான் நிரந்தரமாக்கும் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. எங்கள் பேராசிரியை பரிந்துரை எழுதி மாதக் கடைசிக்குள் மேலே அனுப்ப வேண்டும். அந்த ஒரு தாளுக்காக அவருடைய வீடே காத்துக்கொண்டிருந்தது.

அந்த மாதத்தில்தான் என் சோதனை கெட்டுப்போனது.

நான் செய்துகொண்டிருந்தது ஒரு களிம்பு மாதிரியான பொருள். மூளையில் கட்டியை அறுத்து எடுத்த பிறகு ஒரு சிறு பள்ளம் மிஞ்சும். அந்தப் பள்ளத்தில் இதை வைத்தால், உள்ளே கலந்திருக்கும் மருந்து மெல்ல மெல்லக் கசிந்து, கத்திக்குத் தப்பிய செல்களைக் கொல்ல வேண்டும். நாங்கள் எடுத்துக்கொண்டது மிக அரிய வகைக் கட்டி. எங்களோடு சேர்ந்து வேலை செய்யும் அறுவை மருத்துவரிடம் ஆண்டுக்கு மூன்று பேரோ நாலு பேரோதான் அதோடு வருவார்கள். அவர்களில் ஒருவருடைய கட்டியிலிருந்து வளர்த்த செல்கள்தான் எங்களிடம் இருந்தன. அவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. குப்பியில் ஓர் எண் இருக்கும், அவ்வளவுதான்.

முதல் முறை செய்தபோது பத்தில் ஒன்பது செல்கள் செத்துப்போயின. மருந்து சேர்க்காத களிம்பை வைத்த தட்டில் எல்லாம் உயிரோடு இருந்தன. இதைவிடத் தெளிவாக ஒரு விடை வருமா? நான் வீட்டுக்குப் போன் போட்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வேன் ஓட்டும் அப்பா அன்று ஏற்றிய சவாரிகளிடமெல்லாம் சொல்லியிருக்கிறார், பையன் மூளைக் கட்டிக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டான் என்று. பேராசிரியை அறுவை மருத்துவருக்குச் சொன்னார். அவர் அடுத்த கட்டத்தைப் பேச வருவதாகத் தேதி கொடுத்தார்.

இரண்டாம் முறை செய்தேன், செல்கள் சாகவில்லை. மூன்றாம் முறையும் நாலாம் முறையும் அப்படியே. அதே மருந்து, அதே தண்ணீர், அதே சூடு. முதல் வெற்றிதான் ஏதோ தவறோ என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிந்தைய மூன்றில்தான் என் கை எங்கோ பிசகிவிட்டது என்று நம்பினேன். அப்படி நம்பத்தான் எனக்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் மதியம் கழுவும் அறையில் போய் நின்று புலம்பினேன். ஏனக்கா ஒரு பீக்கரை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் துளித்துளியாக ஒட்டி நின்றால் அழுக்கு இருக்கிறது, ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். இது அவருடைய கணக்கு.

"எல்லாம் ஒண்ணுதான்கிறீங்க. அப்புறம் ஏன் தம்பி மாறுது?"

"அது தெரிஞ்சா நான் ஏன்க்கா இங்க வந்து நிக்கிறேன்?"

"கலக்குற காந்தம்?"

பீக்கருக்குள் போட்டுச் சுழலவிடும் வெள்ளைக் காந்தத்தைச் சொன்னார். சுண்டுவிரல் நுனி அளவில், பிளாஸ்டிக் உறை போட்டிருக்கும். "காந்தம் காந்தம்தானேக்கா, அதுல என்ன இருக்கு?" என்றேன்.

அவர் பீக்கரைக் கீழே வைத்தார். மறுபடி ஏன் என்று கேட்கவில்லை. அன்று முழுக்க அவர் குரல் கேட்கவே இல்லை. பக்கத்து மேசைத் தோழி, "ஏனக்காவுக்குக் காய்ச்சலா?" என்று என்னிடம் விசாரித்தாள்.

மறுநாள் காலை, நான் பையைக் கழற்றி வைப்பதற்குள் என் மேசை முன் வந்து நின்றார். கையில் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா. திறந்து காட்டினார். உள்ளே முழுக்கப் பழைய காந்தங்கள். மஞ்சள், பழுப்பு, இளஞ்சிவப்பு, சாம்பல் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு கறை ஏறியிருந்தது.

"கறை பிடிச்சா பதிவேட்டுல எழுதிட்டுத் தூக்கிப் போடணும். அதுதான் விதி. நான் எழுதுவேன், ஆனா போட மாட்டேன்."

"சரி, அதுக்கென்னக்கா இப்ப?"

"மொதத் தடவ செஞ்சீங்களே, அன்னிக்கு ரெண்டு காந்தம் கேட்டீங்க. புதுசு ஒண்ணுதான் இருந்துச்சு. 'ஏதாவது ஒண்ணு குடுங்கக்கா, நேரமாச்சு'ன்னு பறந்தீங்க. இதுலேர்ந்து ஒண்ணு எடுத்துக் குடுத்தேன்." சாம்பல் நிறக் காந்தம் ஒன்றை விரலால் தள்ளிக் காட்டினார். "மருந்து போட்ட பீக்கர்ல இதுதான் சுத்துச்சு. வாரக் கடைசியில புதுசு வந்துடுச்சு. அப்புறம் எல்லாமே புதுசுதான்."

சாம்பல் கறை எங்கிருந்து வந்தது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து அறையில் வெள்ளித் துகள்கள் செய்பவர்கள் மூன்று வருடம் அதைச் சுழற்றியிருக்கிறார்கள். உறையின் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளில் வெள்ளி தங்கியிருந்தால் என் களிம்பிலும் கசிந்திருக்கும். வெள்ளி செல்களைக் கொல்லும். மருந்துக்கு அங்கே வேலையே இருந்திருக்காது.

அவர் அந்த டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டால் தேவலை என்று எனக்குத் தோன்றியது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

"யாருக்குமே தெரியாதேக்கா. இப்பப் போய்ச் சொன்னா உங்க பரிந்துரை…"

"அது தெரியாமலா ராத்திரி முழுக்கப் பொரண்டுட்டு இருந்தேன்? ஆனா தம்பி, இந்தக் காந்தத்தை வெறும் தண்ணியில சுத்தவிட்டு, அந்தத் தண்ணிய செல்லு மேல ஊத்தினா என்ன ஆகும்?"

அந்தக் கேள்வி எனக்கு வந்திருக்க வேண்டும்.

கையில் இரண்டு தட்டுகளுக்குத்தான் கட்டிச் செல்கள் இருந்தன. ஒன்றில் காந்தம் சுழன்ற தண்ணீர், இன்னொன்றில் சாதாரணத் தண்ணீர். ஆரோக்கியமான செல்களையும் ஒரு தட்டில் வைத்து, அதிலும் காந்தத் தண்ணீரை விடச் சொன்னார். "கெட்டத மட்டும் கொன்னா அதுவும் மருந்துதானே?" என்றார். அவர் கண்ணில் ஓர் ஆசை தெரிந்தது. எனக்கும் அது ஒட்டிக்கொண்டது.

இரண்டு நாள் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தோம். எட்டு வருடத்தில் யாரும் அவரை அதன் முன் உட்கார வைத்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. முதலில் சாதாரணத் தண்ணீர்த் தட்டைக் காட்டினேன்.

"இதுவா அது? என்ன தம்பி, கை கால் நீட்டிட்டு நிம்மதியாப் படுத்திருக்கு."

அடுத்தது காந்தத் தண்ணீர். எல்லாம் சுருண்டு, உருண்டையாகிக் கிடந்தன. மருந்து ஒரு சொட்டுக்கூட இல்லை. மூன்றாவது, ஆரோக்கியமான செல்கள் இருந்த தட்டு. அதிலும் எல்லாம் சுருண்டு கிடந்தன.

"அப்ப இது மருந்தில்ல. விஷம்" என்று சொல்லி எழுந்தார். அவர் முகம் வாடியதை அன்றுதான் பார்த்தேன். அந்த நேரத்தில் அவருக்கு வேலை நினைவே இருந்ததாகத் தெரியவில்லை.

இருவருமாகப் பேராசிரியை அறைக்குப் போனோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "அந்தக் காந்தத்த யாரு குடுத்தது?" என்றார்.

"நான்தான் மேடம் அவசரப்படுத்தினேன். எந்தக் காந்தம்னு நோட்டுல எழுதாததும் என் தப்புதான்."

"அவர் அவசரப்படுத்தினது நிஜம் மேடம். ஆனா டப்பா என்னுது" என்றார் ஏனக்கா.

"எத்தனை வச்சிருக்கீங்க?"

"நாப்பத்தியொண்ணு."

"ஏன் தூக்கிப் போடல?"

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நிறமா இருக்கு மேடம். எதுலேர்ந்து என்ன நிறம் வருதுன்னு பாக்கணும்னு வச்சிருந்தேன்."

பேராசிரியை நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தோம். அவர் கணினியைத் திருப்பி, முதல் விடை தவறு, வர வேண்டாம் என்று அறுவை மருத்துவருக்கு அங்கேயே எழுதி அனுப்பினார். பிறகு ஏனக்காவைப் பார்த்தார்.

"தப்பக் கண்டுபிடிச்சது நீங்கன்னு பரிந்துரையில எழுதுவேன். விதிய மீறினதையும் எழுதியாகணும். ரெண்டையும் படிச்சா மேல உள்ளவங்களுக்கு எது கண்ணுல படும்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும் மேடம்."

மூன்று வாரத்தில் தாள் வந்தது. இந்த வருடமும் ஒப்பந்தம்தான். ஏனக்கா கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் பேருந்து நிறுத்தம் வரை கூடவே நடந்தேன். மன்னிப்புக் கேட்க நினைத்து, எதற்கு எந்த வார்த்தையில் கேட்பது என்று தெரியாமல் வந்துகொண்டிருந்தேன்.

"வீட்டுக்காரர்கிட்ட என்ன சொல்றதுன்னுதான் யோசிக்கிறேன்" என்றார் அவரே. "அவரு ஒண்ணும் சத்தம் போட மாட்டாரு. 'வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியலையா?'ன்னு ஒரே ஒரு கேள்வி கேப்பாரு."

"என்ன சொல்வீங்க?"

பேருந்து வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினார்.

"முடியலன்னுதான் சொல்லணும்."