எட்டாம் தரம் பேசிய நாள்

சண்முகவடிவு டீச்சர் படித்த காலத்தில் வகுப்பில் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. கேட்ட பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்பதை முதலாம் தரத்திலேயே பார்த்துவிட்டார். ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது, அவர் நடத்திய முதல் பாடத்தைப் பார்த்த விரிவுரையாளர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “நாற்பது நிமிசத்துல புள்ளைங்க குரல் எத்தனை நிமிசம் கேட்டுச்சு?”  கேள்வியும் டீச்சரே கேட்டு, விடையும் டீச்சரே சொல்லியிருந்தார்.

இலங்கை மலையகத்தில், லிந்துலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டப் பாடசாலையில் இப்போது அவருக்குப் பதினேழாவது வருஷம். எட்டாம் தரத்தில் இருபத்தாறு பிள்ளைகள். இந்தத் தவணை முதல் மேசைகளை வட்டமாகப் போட வைத்தார். ஒரே ஒரு சட்டம்: அடுத்துப் பேசுகிறவர், முன்னால் பேசியவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். அப்போதுதான் மற்றவர் பேச்சைக் காதில் வாங்குவார்கள் என்பது அவர் எண்ணம். மூன்று வாரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. டீச்சர் கேள்வியைக் கேட்டுவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். வெளியே மழை பெய்யும் சத்தம் மட்டும் கேட்கும்.

ஒக்டோபரில் மண்சரிவுப் பாடம் வந்தது. “மலை சரியப்போகுதுன்னு முன்னாடியே எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்று கேட்டார். துஷாந்த் புத்தகத்தைப் பார்த்து, நிலத்தில் வெடிப்பு ஏற்படும் என்று வாசித்தான்.

வட்டத்தின் மறுபக்கத்திலிருந்து சர்மிளா எழுந்தாள்.

“துஷாந்த் சொன்னான், நிலத்துல வெடிப்பு வரும்னு. எங்க மேல் லயத்துக்குப் பின்னாடி வெடிச்சிருக்கு டீச்சர். எங்கப்பா கைய விட்டுப் பாத்தாரு. முழங்கை வரைக்கும் போகுது.”

வகுப்பு அசைந்தது. ஊற்றுப் பீலியில் தண்ணீர் கலங்கி வருகிறது என்றது ஒரு குரல். சவுக்கு மரம் சாய்ந்திருக்கிறது என்றது இன்னொன்று. வீட்டுக் கதவு நிலையில் பொருந்தவில்லை என்றான் துஷாந்த். அவன் வீடும் அதே லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில்தான். மணி அடித்ததும் ஒருவரும் எழுந்து போகவில்லை. இருபத்தாறு பேரும் சேர்ந்து கிராம சேவகருக்குக் கடிதம் எழுதி, கீழே பெயரெழுதினார்கள். அன்று மாலை அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரும்போது டீச்சருக்கு ஏற்றம் ஏறுவதே தெரியவில்லை. அத்தனை சந்தோஷம்.

நான்காம் நாள் அதிகாரிகள் வந்தார்கள். வெடிப்பை அளந்தார்கள். மேல் லயத்தின் பன்னிரண்டு குடும்பங்களும் உடனே வெளியேற வேண்டும் என்றார்கள்.

அந்தக் குடும்பங்கள் பாடசாலை மண்டபத்துக்கு வந்தன. நடுவில் சேலைகளைக் கட்டித் தடுத்துக்கொண்டு மூன்று வாரம் இருந்தார்கள். அதிகாரிகள் வேறு இடம் தருவதாகச் சொன்னார்கள். எங்கே என்று யாரும் சொல்லவில்லை. மழை விட்டது. மலை சரிந்து இறங்கவில்லை. ஆனாலும் லயத்துக் கதவுகளுக்குத் தோட்ட நிர்வாகம் பலகை அடித்துவிட்டது. சிலர் தோட்டத்தின் கீழ் டிவிஷனில் சொந்தக்காரர்களின் ஒற்றை அறைக் காம்பராவில் ஒண்டினார்கள். சிலர் கொழும்புக்கு வேலை தேடிப் போனார்கள். சர்மிளாவின் அப்பா அழகுமுத்து, கட்டிவைக்க இடமில்லாமல் தன் இரண்டு மாடுகளையும் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டார்.

தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பேச்சு வேறு விதமாகத் திரும்பியது. அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எல்லாரும் வீட்டில் இருந்திருப்போம் என்றார்கள்.

சர்மிளாவின் அம்மா நாகலெட்சுமி ஒரு மத்தியானம் கொழுந்துக் கூடையோடு நேரே வகுப்பு வாசலுக்கு வந்தார்.

“ஒங்கள நாங்க குத்தம் சொல்லல டீச்சர். ஆனா எம்புள்ளய இனிமே எழுப்பிப் பேச வைக்காதீங்க. அவ ஒழுங்காத் தூங்குறதே இல்ல.”

டீச்சர் சரி என்று தலையசைத்தார். ஆனாலும் வட்டத்தைக் கலைக்க மனம் வரவில்லை. வகுப்பு பேசினால்தான் இந்தக் கசப்பு வெளியே வரும் என்று நம்பினார். மறுவாரம், “நடந்ததைப் பத்தி யாராவது பேச விரும்புறீங்களா?” என்று கேட்டார்.

துஷாந்த் எழுந்தான். சட்டத்தை மறக்கவில்லை.

“சர்மிளா சொன்னா, மண்ணு வெடிச்சிருக்குன்னு. மலை இறங்கல. எங்கம்மா கொழும்புல ஒரு வீட்டுல வேலைக்குப் போயிட்டாங்க.”

அவன் உட்கார்ந்தான்.  சர்மிளா மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். டீச்சர் அவளருகே போய் நின்றார். 

அடுத்த தவணையில் வகுப்பில் பதினேழு பேர்தான். முதல் வாரமே அழகுமுத்து மகளின் விடுகைப் பத்திரத்துக்காக வந்தார். குடும்பத்தோடு கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளைக்குப் போவதாகச் சொன்னார்.

“அங்க பள்ளிக்கூடத்துல சேப்பீங்கதானே?”

“பாப்போம் டீச்சர்.”

அதிபரின் கையெழுத்துக்காக இருவரும் வராந்தாவில் காத்திருந்தார்கள். எதிரே மேல் லயத்தின் தகரக் கூரை, பனியில் பாதி மறைந்து தெரிந்தது. அழகுமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே. ஆளுக யாரும் இல்லாதப்ப மலை இறங்கிட்டா நல்லாருக்கும்னு நீங்க நெனைச்சதுண்டா?”

 மார்கழியில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தபோது, மலை இறங்கும் சத்தம் கேட்காதா என்று டீச்சர் தன் வீட்டு ஜன்னலோரம் காது கொடுத்து நின்றிருந்தார். தான் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது புரிந்ததும் ஜன்னலைச் சாத்தினார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

“நெனைச்சேன்” என்றார்.

“நானுந்தான். புள்ள சொன்னது பொய்யில்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்.”

பத்திரம் வந்தது. அழகுமுத்து அதை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சர்மிளா உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே, துணிமூட்டையின் பக்கத்தில் நின்றாள். டீச்சர் இறங்கிப் போய் அவள் தோளில் கை வைத்தார்.

“நீ சொன்னது சரிதான் சர்மிளா. வெடிப்பு இன்னமும் அங்கதான் இருக்கு.”

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. “போயிட்டு வாரேன் டீச்சர்” என்று மட்டும் சொல்லி மூட்டையைத் தூக்கிக்கொண்டாள். தலவாக்கலை பஸ் வளைவில் திரும்பி வந்து நின்றது.