ஸ்வெட்டரைப் பிரித்த சனிக்கிழமை

நர்ஸம்மா தான் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி, ஓரத்து முடிச்சை அறுத்து, நூலை இழுத்துப் பிரிக்க ஆரம்பித்தது ஒரு சனிக்கிழமை காலையில். வெளியே மழை. முந்தின நாள் சாயங்காலம் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட என் மகள் என் வெறும் மார்பில் கிடந்தாள். கதவருகே நின்ற பெண்கள் பிள்ளையைப் பார்க்கவில்லை, நர்ஸம்மாவின் கையைத்தான் பார்த்தார்கள். சனிக்கிழமை அந்தக் கை பின்னல் ஊசியைத் தொட்டு யாரும் கண்டதில்லை.

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வீட்டு வரிசையில், நாங்கள் இருந்தோம். நர்ஸம்மா தோட்டத்து மருந்து அறையில் இருந்தார். கொச்சிப் பக்கத்து யூதர். சொந்தமெல்லாம் இஸ்ரேலுக்குப் போய்விட, இவர் மட்டும் எங்களோடு குளிரில் கிடந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றினால், அவர்களுடைய ஓய்வு நாள் என்று, மறுநாள் பொழுது சாயும்வரை அடுப்பு மூட்ட மாட்டார், பின்ன மாட்டார். மற்ற நாளெல்லாம் பின்னல்தான். பிள்ளைகளுக்குத் தொப்பி, காலுறை. முடித்ததைப் பையில் போட்டு வெளிச்சுவர் ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். யார் எடுத்தார் என்று கொடுத்தவருக்குத் தெரியக்கூடாது, அது அவர்கள் முறை. பெரிய மனசு என்று என் மாமியார் ஒருமுறை கும்பிடப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டார். "மனசும் இல்ல, தர்மமும் இல்ல. குளிர்ற உடம்புக்குத் துணி கொடுக்கிறது நியாயம். நியாயத்துக்கு எதுக்குக் கும்பிடு? தோட்டம் தர வேண்டிய கம்பளி எங்கேன்னு போய்க் கேளுங்க." கேட்டோம். அடுத்த மழைக்குப் பார்க்கலாம் என்றார் மேனேஜர்.

அடுத்த மழையும் வந்தது, கம்பளி வரவில்லை. அந்த மழையில்தான் பிள்ளை பிறந்தது. மாமியார் பழஞ்சேலையில் சுற்றினார். ஒழுகும் கூரைக்குக் கீழே சேலையும் ஈரம்தான். நர்ஸம்மாவைக் கூப்பிட என் வீட்டுக்காரர் எழுந்தார். "வெளக்கேத்திட்டாக அப்பு. அவுக சாமி நாளு, ஊசியத் தொட மாட்டாக. நாளைக்குப் பொழுது சாயட்டும், தொப்பி வாங்கிக்கலாம்" என்றார் மாமியார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதையில் ஒரு ராத்திரி முழுவதும் போயிற்று.

காலையில் பக்கத்து வீட்டுக்காரி மனசு கேட்காமல் போய்ச் சொல்லிவிட்டாள். நர்ஸம்மா மழையில் ஓடிவந்து பிள்ளையின் பாதத்தைத் தொட்டார். ஈரச் சேலையை உருவி எறிந்துவிட்டுப் பிள்ளையை என் மார்போடு ஒட்டிவைத்தார்.

"இன்னிக்கு ஒங்களுக்கு ஆகாதே" என்று இழுத்தார் மாமியார்.

"யார் சொன்னா? உயிருக்கு ஆபத்துன்னா அந்த நாளே கிடையாது. எங்க வேதத்தில அதுக்கு மேல எதுவும் இல்ல. விடிய விடிய என்ன செஞ்சீங்க?" என் வீட்டுக்காரரைப் பார்த்து, "ஜீப்பு கொண்டா. வேகம் போ" என்றார்.

ஊசி இருந்தது, நூல் இல்லை. அதனால்தான் ஸ்வெட்டரைப் பிரித்து, அந்த நூலில் தொப்பி பின்னினார்.

மேனேஜரின் ஜீப் அவர் வீட்டு வாசலில்தான் நின்றது. போடியில் நடக்கும் ஏல விற்பனைக்குக் காய் லோடு போக வேண்டும் என்று தர மறுத்துவிட்டார். ஏலக்காய்க்கு ஜீப் உண்டு, என் பிள்ளைக்கு இல்லை. பக்கத்துத் தோட்டத்து ஜீப் வந்தபோது உச்சி தாண்டிவிட்டது. மலை இறங்கி முடிவதற்குள் தொப்பிக்குள் பிள்ளையின் தலை சில்லிட்டு, மூச்சும் நின்றுபோனது.

திங்கட்கிழமை நர்ஸம்மா மேனேஜர் அறை வாசலில் உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தார். காய் எடுக்கப் போக வேண்டிய பெண்களெல்லாம் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். பின்னத் தெரியாதவர்கள் நூலைச் சுற்றினார்கள்.

"என்ன, இங்க கடை போட்டிருக்கீங்களா?" என்றார் மேனேஜர்.

"கம்பளிக் கடை சார். ஒங்க சோலியத்தான் நாங்க செய்றோம்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. யாரும் சிரிக்கவில்லை.

காய் செடியிலேயே பழுக்க ஆரம்பித்ததும் கம்பளி வந்தது, வீட்டுக்கு ஒன்று. நர்ஸம்மாவை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். மருந்து அறையைப் பூட்டினார்கள். இதைச் சொன்னால், ஜெயித்துவிட்டீர்களே என்கிறார்கள். எதை ஜெயித்தோம்?

இந்த மழைக்கும் அந்த அறை பூட்டித்தான் கிடக்கிறது. நாலு வீடு தள்ளி ஒருத்திக்கு எட்டாம் மாதம். எந்த நாளாக இருந்தாலும் வந்து கதவைத் தட்டு என்று நேற்று அவளிடம் சொன்னேன்.

"தட்டுனா நீங்க என்னக்கா செய்வீக?" என்று கேட்டாள்.

நான் நர்ஸ் இல்லை.