பஞ்சைக் கொன்ற காற்று

மயாசா கடலுக்குள் கயிற்றில் கட்டி வளர்த்த கடற்பஞ்சுகள் மறுபடியும் அழுகின. சான்சிபாரின் கிழக்குக் கரைப் பெண்கள், கடற்பாசி பொய்த்த பிறகு பஞ்சு வளர்ப்புக்கு மாறியிருந்தார்கள். மயாசா இரண்டு முறை தலாக் சொல்லப்பட்டவள். பழி போட ஊருக்கு அது போதாதா?

“இவகிட்ட புருஷனே தங்கல, பஞ்சு தங்குமா? கயித்த என்கிட்ட விட்டுடுடீ” என்றாள் பஞ்சு வளர்ப்போர் சங்கத் தலைவி சிஹாபா.

மயாசா இடுப்பளவு நீரில் நின்று கயிற்றைத் தடவிப் பார்த்தாள். ஆழமான முனையில் இரண்டு பஞ்சுகள் மட்டும் பிழைத்திருந்தன. அங்கே தூக்க வசதியில்லாததால் அவற்றை அவள் நீருக்குள்ளேயே துடைத்திருந்தாள். மற்றவற்றை, முன்பு கடற்பாசியை உதறிய பழக்கத்தில், தினமும் வெளியே தூக்கி மண் போக உதறியிருந்தாள். வாயும் வயிறும் இல்லாவிட்டாலும் பஞ்சு ஒரு விலங்கு. உடம்பெங்கும் உள்ள துளைகளால் நீரை இழுத்து, அதிலிருக்கும் இரையை வடிகட்டி வாழ்கிறது. துளைகளில் காற்று அடைத்தால் அதற்கு மூச்சும் இல்லை, சோறும் இல்லை.

“அக்கா, என் ராசி இல்ல, காத்துதான் கொன்னுச்சு! நான் தூக்காத ரெண்டும் உசுரோட இருக்கு பாருங்க!”

“காத்து கொல்லுமா? அப்ப நாமெல்லாம் எப்படிடீ உசுரோட இருக்கோம்?”

கரையே சிரித்தது. கயிறு அன்றே கைமாறியது.

சிஹாபா முதல் வேலையாக அந்த இரண்டு பஞ்சுகளையும் தூக்கி, வெயிலில் நன்றாக உதறினாள்.

“தண்ணிக்குள்ளயே வைங்கக்கா!” என்று மயாசா கத்தினாள். யாரும் திரும்பவில்லை. அவை செத்தாலும் பழி தன் மேல்தான் விழும் என்று அவளுக்குத் தெரியும்.