பாக்கெட்டில் இருந்த ஈரத்துண்டு

சலவைக்கடையில் எல்லோருக்கும் அவள் இஸ்திரியக்கா. சம்பளம் கொடுக்கும் முதலாளியம்மாவுக்கும் அக்காதான். முதலாளியம்மா அவளைவிட மூத்தவள் என்பதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள் என்று இஸ்திரியக்கா பேர் வாங்கியிருந்தாள். காலையில் வந்ததும் நீராவி மேசைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். காலடியில் இருக்கும் மிதியை அழுத்தினால் புஸ்ஸென்று ஆவி கிளம்பும். அப்புறம் அங்கே ஆள் இருப்பதே தெரியாது. அவளுக்கு அது பிடித்திருந்தது.

பாக்கெட் விஷயத்தில் மட்டும் அவளிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. துணி இயந்திரத்துக்குள் போகுமுன் ஒவ்வொரு பாக்கெட்டையும் அவளே துழாவுவாள். கிடைத்ததை ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, துணியின் டோக்கனோடு சேர்த்து ஊக்கு குத்துவாள். பாதி தின்ற மிட்டாய், ஒற்றைக் கம்மல், செத்துப்போன பேட்டரி, யாரோ ஒரு குழந்தையின் பால்பல் எல்லாம் அப்படித்தான் உரியவர் கைக்குத் திரும்பிப் போயிருக்கின்றன.

"குப்பைக்கா இது. வீசுங்க" என்பான் நுரை. அவன் துவைக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவன். முழங்கையில் எப்போதும் நுரை இருப்பதால் அந்தப் பேர்.

"குப்பையா இல்லையான்னு கோட்டுக்காரங்க சொல்லட்டும்."

வந்தது வந்தபடி போக வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அவள் வாழ்க்கையில் பெருமைப்பட்டுக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான். பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. தையல் வகுப்பு பாதியில் நின்றது. கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனது நடுரோட்டில் நின்றது. லிஃப்ட் பழுது பார்க்கும் புருஷன் சாப்பிடும்போது சொல்லிச் சிரிப்பார்: "உன்னை லிஃப்ட்டா செஞ்சிருந்தா எந்த மாடியிலயும் நிக்காது. ரெண்டு மாடிக்கு நடுவுலதான் நிக்கும்."

ஒருநாள் ஒரு பழுப்புக் கோட்டு வந்தது. உள்பாக்கெட்டில் கைக்குள் அடங்குகிற ஒரு கேம் பெட்டி. அணைக்காமலே விட்டிருந்தார்கள். ஓரத்தில் சிவப்பு விளக்கு மினுக்மினுக்கென்றது. திரையில் ஒரு குட்டிப் பூதம் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

"சார்ஜ் தீரப்போகுது. தீர்ந்தா அணைஞ்சுடும்" என்றான் நுரை.

"அணைஞ்சா இது என்ன ஆகும்?"

"எது?"

"இதுதான். உக்காந்திருக்கே."

நுரை அவளை ஏற இறங்கப் பார்த்தான். போய் சார்ஜர் எடுத்து வந்தான்.

சார்ஜர் கம்பியைச் சொருகும்போது விரல் ஏதோ பொத்தானில் பட்டது. குட்டிப் பூதமும் அதன் எஜமானனும் ஒரு பெரிய இரும்புக் கதவின் முன்னால் நின்றிருந்தவர்கள், திரும்பி நடக்க ஆரம்பித்தார்கள். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நிறுத்துவதற்காக இன்னொரு பொத்தானை அழுத்தினாள். இன்னும் வேகமாக ஓடினார்கள். ஒரு சாக்கடை ஓரத்திலிருந்து புதுப் பூதம் ஒன்று வழியில் குதித்தது. பிழியாத துண்டுக்குக் கண் வைத்தது போல இருந்தது. ஏதோ ஒரு பொத்தான், ஒரு சின்னச் சிமிழ் பறந்து போனது, துண்டு அதற்குள் அடங்கியது. 'இதற்கு என்ன பெயர் வைக்கிறாய்?' என்று பெட்டி கேட்டது. கேட்டதற்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டாமா? 'ஈரத்துண்டு' என்று எழுத்து எழுத்தாகத் தேடி அமுக்கினாள். 'சேமிக்கவா?' என்று கேட்டது. சேமிப்பு நல்லதுதானே என்று 'ஆம்' கொடுத்தாள்.

நுரை தலையில் அடித்துக்கொண்டான்.

"என்னக்கா பண்ணிட்டீங்க! இந்தப் பூதச்சிமிழ் கேம்ல சேமிக்க ஒரே ஒரு இடம்தான். கோட்டுக்காரர் எங்க நிறுத்திட்டுப் போனாரோ, அது அழிஞ்சுபோச்சு. இனிமே நீங்க நிக்கிறதுதான் அவர் நிக்கிற இடம்."

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. வந்தது வந்தபடி போகவேண்டிய பாக்கெட்டில், வராத ஒன்று நுழைந்துவிட்டது. அதுவும் சொட்டச் சொட்ட.

கோட்டுக்காரர் வருவதற்குள் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தாள். அதற்கு முதலில் விளையாடத் தெரியவேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆவிக்குள் நின்று பழக ஆரம்பித்தாள். கோட்டுக்காரர் வரவில்லை. மழைக்காலம் முடிந்து வெயில் வந்தது. அப்போதும் வரவில்லை.

பெட்டியை அவள் ஒருநாளும் வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை; வாடிக்கையாளர் பொருள். ஆனால் விடுமுறை நாளில் சும்மா இருக்க முடியவில்லை. "இந்நேரம் தனியா உக்காந்திருக்கும்" என்றாள் புருஷனிடம்.

"பெத்த பொண்ணு வெளியூர்ல இருக்கா. அவகிட்ட சாப்டியான்னு ஒரு வார்த்தை கேட்டியா? துண்டு தனியா இருக்காம்!"

"அவளுக்குப் பசிச்சா வாய் இருக்கு, கேப்பா. அதுக்கு வாய் இல்லீங்க. கண்ணு மட்டும்தான் வரைஞ்சிருக்காங்க."

விளையாட்டில் நல்லது எது, கெட்டது எது என்று அவளுக்குத் தெளிவான அபிப்பிராயம் இருந்தது. கிடங்கு அவளுக்கு ரொம்பப் பிடித்தது. பிடித்த பூதங்களில் ஆறுதான் கூட வரலாம்; மீதியெல்லாம் கிடங்கில் ஒவ்வொன்றும் தன் பேர்ச்சீட்டோடு, கசங்காமல் இருக்கும். "நம்ம கடையே இவ்வளவு ஒழுங்கா இல்ல" என்று முதலாளியம்மா காதுபடவே சொன்னாள். ஒவ்வொரு பூதத்துக்கும் தனி நடை, தனிக் குரல். நாம் நின்றால் அதுவும் பின்னால் உட்காரும். இதெல்லாம் செய்தவர்கள் நல்ல வளர்ப்பு என்று நினைத்தாள்.

கெட்டதும் இருந்தது. குகைக்குள் காலெடுத்து வைத்தால் வௌவால். இன்னொரு அடி வைத்தால் இன்னொரு வௌவால். "ஒரு வௌவாலைப் பெத்தவங்க இத்தனையும் பெத்திருப்பாங்களா?" ஊர்க்காரர்கள் எத்தனை தரம் கேட்டாலும் ஒரே வாக்கியம்தான் சொல்வார்கள். அதை அவள் பெரிய குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைக்கு வருகிறவர்களும் 'நாளைக்கே வேணும்' தவிர வேறு சொல்வதில்லை. அடிபட்ட பூதங்களுக்கான ஆஸ்பத்திரி அவளுக்கு அடியோடு பிடிக்கவில்லை. ஒரு மணியோசை, உடனே எல்லாம் குணம். "அதுக்குள்ள எப்படிக் காயும்? ஈரத்தோட மடிச்சுக் குடுக்கிறான்."

அவளை நிஜமாகவே உலுக்கியது வேறொன்று. அந்த விளையாட்டில் யார் வீட்டுக்குள்ளும் தட்டாமல் நுழையலாம். பானையைத் திறந்து இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரி பக்கத்திலேயே நின்று 'இன்று நல்ல காற்று' என்பாள். தெரியாமல் ஒரு பானையில் மருந்துக் குப்பியை எடுத்துவிட்டு, அக்கா ஒரு மதியம் முழுக்க அதைத் திருப்பி வைக்கப் பார்த்தாள். வைக்க வழியே இல்லை.

"இது திருட்டு இல்லியா?"

"கேம்க்கா" என்றான் நுரை.

"எடுக்க மட்டும் பொத்தான் வச்சவன், வைக்க ஒரு பொத்தான் வைக்கலியே. அவன் பாக்கெட்டைத்தான் முதல்ல துழாவணும்."

இத்தனைக்கும் நடுவில் ஈரத்துண்டு அவள் பின்னாலேயே வந்தது. அதற்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று: சொட்டும். சொட்டினால் எதிரிக்கு ஒன்று குறையும். மற்ற பூதங்கள் ஒரே அடியில் நூறு குறைக்கும்போது இது சொட்டிவிட்டு அவளைத் திரும்பிப் பார்க்கும். பலம் என்ற இடத்தில் பூஜ்யம். அதற்குக் கீழே ஆக முடியாது என்பதால் அங்கேயே நின்றது.

கோட்டுக்காரரின் ஆறு பூதங்களுக்கு டாப்கியர், லாரி, கிளட்ச், ஆக்ஸில், ரிவர்ஸ், ஹாரன் என்று பேர். "யாரோ வண்டிக்காரன்" என்று கடையில் ஊகித்திருந்தார்கள். ஊகம் சரிதான். ஒரு மதியம் முதலாளியம்மா தொலைபேசியை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அந்தப் பழுப்புக் கோட்டு, டிரைவிங் மாஸ்டரோடதாம். பொண்ணு பிரசவத்துக்கு வெளியூர் போயிருந்தாராம். மச்சான் கொண்டுவந்து போட்டுட்டு சொல்ல மறந்துட்டானாம். சாயங்காலம் வர்றாரு."

அக்கா மிதியை அழுத்தினாள். ஆவி கிளம்பியது. வெகுநேரம் காலை எடுக்கவில்லை.

டிரைவிங் மாஸ்டரை அந்த ஊரில் தெரியாதவர் கிடையாது. அவர் கத்துவது அடுத்த தெருவுக்குக் கேட்கும். அக்கா கார் கற்கப் போனதும் அவரிடம்தான். நாற்சந்தியில் அவர் "பிரேக்!" என்று கத்திய கத்தலில், அவள் காரை நிறுத்தி, கதவைத் திறந்து, இறங்கி, வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள்.

நுரை இஸ்திரி மேசையை எடுத்துக்கொண்டான். அக்கா பெட்டியோடு உட்கார்ந்தாள். வௌவால்களையெல்லாம் தாண்டி இரும்புக் கதவின் முன்னால் போய் நின்றாள். பக்கத்திலேயே கிடங்கின் சன்னல். டாப்கியர் முதல் ஹாரன் வரை ஆறையும் வரிசை மாறாமல் வெளியே எடுத்தாள். ஈரத்துண்டு உள்ளே போயிற்று. இனி அதை விட்டுவிட வேண்டியதுதான். 'விட்டுவிடவா?' என்று பெட்டி கேட்டது. 'ஆம்' என்றாள். 'உறுதியாகவா?' என்று மறுபடி கேட்டது. இரண்டாம் முறை கேட்கிறானே, இதைச் செய்தவனும் முழுக்கக் கெட்டவன் இல்லை என்று தோன்றியது. விரல் அங்கேயே நின்றுவிட்டது. மாஸ்டர் கடைக்குள் வந்து மேசையைத் தட்டும்போதும் அங்கேயேதான் நின்றது.

"கோட்டு!" என்றார் மாஸ்டர். அலமாரியில் இருந்த ஹேங்கர்கள் ஆடின.

அக்கா கோட்டைக் கொடுத்தாள். பெட்டியையும் கொடுத்தாள். "பாக்கெட்ல ஒண்ணு கூட இருக்குங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். சேமித்தது, சாக்கடை, சிமிழ், எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

மாஸ்டர் திரையைப் பார்த்தார். "கதவுக்குள்ள போனீங்களா?"

"உங்க கதவு. நான் எதுக்குங்க திறக்கணும்?"

அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "திறந்து என்ன பண்ண? உள்ள ஒருத்தன் முழக்கன்னு ஒரு பூதத்தை வச்சிருக்கான். உடம்பு பூரா வாய். ஒரு வருஷமா தோத்துட்டிருந்தேன்." உடனே குரல் பழையபடி ஏறியது. "அது கிடக்கட்டும். இந்தத் துண்டு என்னது இல்ல. அழிச்சுடுங்க!"

"மாட்டேன்" என்றாள் அக்கா.

கடையில் எல்லா இயந்திரமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் நின்றுவிட்டது போல முதலாளியம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"என்ன பண்ணும் இது?"

"சொட்டும்."

"சொட்டினா?"

"ஒண்ணு குறையும்."

மாஸ்டர் சிரித்த சிரிப்பில் வாசலில் நின்ற ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "சரி, கூட்டிட்டுப் போங்க உள்ள. தோத்தா அழிக்கணும். எல்லாரும் சாட்சி."

அக்கா பெட்டியை வாங்கி, கிடங்கிலிருந்து ஈரத்துண்டை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். முழக்கன் எழுந்து நின்றான். ஈரத்துண்டு அவன் கால் நகத்தளவு இருந்தது. முழக்கன் வாயைத் திறந்து அதட்டினான். 'ஈரத்துண்டின் பலம் இதற்கு மேல் குறையாது' என்று எழுத்து வந்தது. ஈரத்துண்டு சொட்டியது. ஒன்று குறைந்தது.

"விலகு! விலகுங்க! லெஃப்ட்ல!" என்று கத்தினார் மாஸ்டர். அவர் வலது கால் கடைத் தரையை ஓங்கி ஓங்கி மிதித்தது. அங்கே பிரேக் இல்லை.

முழக்கன் மறுபடி அதட்டினான். 'இதற்கு மேல் குறையாது.' சொட்டு. அதட்டல். சொட்டு. முதலாளியம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். துணி வாங்க வந்தவர்கள் துணியைக் கேட்கவில்லை.

"ஏன் கடிக்காம கத்திட்டே இருக்கான்?" என்றான் நுரை.

மாஸ்டருக்கு அது அத்துப்படி. "அவன் வழக்கம் அது. முதல்ல அதட்டி எதிராளி பலத்தை இறக்குவான். ஒரு படியாவது இறங்கினாத்தான் கடிப்பான். என் ஆறு பேரும் முதல் அதட்டல்லயே இறங்கிட்டாங்க."

"துண்டு?"

"துண்டுக்கு எங்கய்யா இறங்க எடம் இருக்கு?"

"அப்போ இது கேம்ல ஓட்டை. செஞ்சவன் கோட்டை விட்டுட்டான்."

முழக்கன் கத்திக்கொண்டே இருந்தான். கொஞ்சம் கொஞ்சமாக மாஸ்டர் கத்துவதை நிறுத்தினார். திரையில் அந்த வாய் திறந்து திறந்து மூடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் திரும்பி அக்காவின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீங்க... அந்த நாற்சந்தியில காரை விட்டுட்டு இறங்கிப் போன அம்மாதானே?"

"இண்டிகேட்டர் போட்டுட்டுத்தான் இறங்கினேன்" என்றாள் அக்கா, பொத்தானிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கடைசிச் சொட்டு விழுந்ததும் முழக்கன் வாயை மூடிக்கொண்டு மெதுவாகப் பின்னால் சாய்ந்தான். கடையில் கைதட்டல். ஈரத்துண்டு வழக்கம்போலத் திரும்பி அவளைப் பார்த்தது. 'சேமிக்கவா?' என்று கேட்டது பெட்டி. அக்கா மாஸ்டரைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார்.

பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, கோட்டின் டோக்கனோடு ஊக்கு குத்தி, இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் பொருள், அவரோடுதான் போக வேண்டும். துண்டு இருக்கிறது, ஆனால் இங்கே இல்லை. அன்று இரவுச் சாப்பாட்டில் புருஷன்கூட ஒன்றும் கேலி பேசவில்லை. அவள் தட்டில் தானே பரிமாறினார்.

அடுத்த வாரம் மாஸ்டர் பழுப்புக் கோட்டோடு வந்தார். கோட்டில் ஒரு கறை இல்லை.

"அழுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். உள்பாக்கெட்டில் பெட்டி. முழு சார்ஜ். ஈரத்துண்டு உட்கார்ந்து சொட்டிக்கொண்டிருந்தது. லாரிக்குப் பதிலாக ஆறில் ஒன்றாய்ச் சேர்த்திருந்தார்.

அப்புறம் வாராவாரம் கோட்டு திங்கட்கிழமை வரும், வியாழக்கிழமை போகும். நுரைக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருநாள் மாஸ்டர் முகத்துக்கு நேராகக் கோட்டை விரித்துக் காட்டினான். முழங்கைப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது.

"இனி ஒரு தரம் துவைச்சா இது தாங்காது மாஸ்டர். நார் நாரா வந்துடும்."

மாஸ்டர் கோட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், காலால் தரையில் ஒரு பிரேக் போட்டார்.

ஆவிக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

"பேன்ட்லகூட பாக்கெட் இருக்கும் மாஸ்டர்."