கப்பல் இல்லாத கப்பல் படம்

நெவென்கா பிளாஷினாவிடம் என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், முப்பத்தெட்டு வருஷம் ரியெகா ஊரின் கப்பல் கட்டும் தளத்தில், வரைபட அறையில் குப்பை கொட்டினேன் என்பாள். அதோடு விட மாட்டாள். "ஆனா நான் கேமராக்காரி" என்று சேர்த்துக்கொள்வாள். எழுபது தாண்டியாயிற்று, பேரன் பேத்தி எடுத்தாயிற்று, முழங்கால் மாடிப்படியைக் கண்டாலே முரண்டு பிடிக்கிறது. இருந்தாலும் அந்த வார்த்தையைச் சொல்லும்போது முதுகு தானாக நிமிர்ந்துவிடும். வாழ்நாளில் அவள் எடுத்தது பதினோரு படங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினாலும் ஒன்றரை மணி நேரம் தேறாது. அவளுடைய கர்வத்தில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் வருஷம். நெவென்கா கப்பல் கட்டும் படிப்பில் மூன்றாம் ஆண்டு மாணவி. சாயங்காலமானால் கினோ கிளப்புக்குப் போய்விடுவாள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஊர்களில் மீன்பிடிச் சங்கம், மலையேற்றச் சங்கம் மாதிரி படம் எடுக்கிறவர்களுக்கும் ஒரு சங்கம் இருந்தது. அதில் இருந்த பையன்களில் முக்கால்வாசிப் பேர் டைரக்டர்கள். மிச்சம் இருந்தவர்கள் நடிகர்கள். ஒருவனுக்கும் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலையப் பொறுமை கிடையாது. நெவென்காவின் கை மட்டும் வரைபலகையில் மைக்கோடு இழுத்துப் பழகிய கை, நடுங்காது. அதனால் கேமரா அவளிடம் வந்து சேர்ந்தது.

கிளப் தலைவர் தோழர் யுரெதிச்சுக்கு அது பிடிக்கவில்லை. தபால் அலுவலகத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர் அவர். கிளப்பில் இருந்தது ஒரே ஒரு நல்ல கேமரா. அதை ஒரு பெண்ணின் தோளில் பார்க்கும்போதெல்லாம் அது கீழே விழுந்து உடைவதுபோலவே அவருக்குத் தோன்றும். பெண்பிள்ளைகள் காட்சிக் குறிப்பு எழுதட்டுமே, கையெழுத்து அழகாக இருக்கும் என்பார். நெவென்கா கேமராவை மறுதோளுக்கு மாற்றிக்கொள்வாள்.

அந்த வருஷம் பூலாவில் நடக்கவிருந்த அமெச்சூர் படவிழாவுக்கு, கிளப் டைரக்டர்களில் ஒருவனான ஸ்தென்கோ ஒரு கதை எழுதியிருந்தான். தனிமையில் வாடும் இளைஞன் ஒருவன் கரையில் நிற்கிறான், பெரிய கப்பல் ஒன்று கடலில் இறங்குகிறது, அவனுடைய வாழ்க்கையும் இறங்கிப் போகிறது. இளைஞனாக நடிப்பதும் ஸ்தென்கோதான், வேறு யார்? கதை எப்படியிருந்தாலும் கப்பல் நிஜம். மே மாதம் தளத்திலிருந்து ஒரு சரக்குக் கப்பல் இறங்கவிருந்தது. நெவென்காவின் அப்பா ஃபிரானே, கப்பலுக்கு அடியில் நின்று கடைசி முட்டுக்கட்டைகளைத் தட்டி விடுகிற கூட்டத்துக்குத் தலைவர். அனுமதியை அவர் வாங்கித் தந்தார். யுரெதிச்சும் இறங்கி வந்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. கப்பல் இறங்குவதை ஒழுங்காக எடுத்து வந்தால் கேமரா நெவென்காவிடமே இருக்கலாம். சொதப்பினால் அது இன்னொரு கிளப் பையன் லிவியோவுக்குப் போகும், அவள் குறிப்பு எழுதப் போக வேண்டும். பாவம் லிவியோ, கேமரா வேண்டும் என்று அவன் கேட்கவேயில்லை.

அவர்களிடம் இருந்தது சாவி கொடுக்கும் கேமரா. முழுச் சாவி கொடுத்தால் முப்பத்தைந்து விநாடி ஓடும். ஃபிலிமிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ரோலின் அகலத்தில் ஒரு பாதியில் இரண்டு நிமிஷம் எடுக்க வேண்டும், பிறகு ரோலைத் திருப்பிப் போட்டு மறுபாதியில் இரண்டு நிமிஷம். கழுவுகிற இடத்தில் அதை நீளவாக்கில் பிளந்து ஒட்டித் தருவார்கள். அதனால் கிளப்பில் ஒரு கண்டிப்பான விதி இருந்தது. தொட்ட ரோலின் டப்பாவில் சிவப்பு நாடா ஒட்ட வேண்டும். நாடா இல்லையென்றால் ரோல் புதுசு.

இறக்கும் நாளன்று நெவென்கா நாடா இல்லாத டப்பாவைத் திறந்து ரோலைப் போட்டாள். முதல் பாதியில் கப்பலுக்கு அடியில் குனிந்து சுத்தியல் வீசுகிற ஆட்களை எடுத்தாள். வெளியே ஓடி வந்து, வெளிச்சம் படாமல் கோட்டுக்குள் தலையை விட்டு ரோலைத் திருப்பினாள். மறுபாதியில், கப்பலுக்குப் பெயர் வைக்கிற ஞானத்தாய் அதன் மேல் ஷாம்பெயின் பாட்டிலை உடைத்ததிலிருந்து கப்பல் தண்ணீரைப் பிளந்துகொண்டு இறங்கியது வரை ஒன்றையும் விடவில்லை. சத்தியமாகக் கை நடுங்கவில்லை. ரோல் கழுவுவதற்காக ஸாக்ரெபுக்குத் தபாலில் போனது. இரண்டு வாரம் அவளுக்குத் தூக்கமில்லை.

ரோல் திரும்பி வந்ததும் கிளப்பில் எல்லோரும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தார்கள். சுத்தியல்காரர்கள் கண்ணாடி மாதிரித் தெளிவாக வந்திருந்தார்கள். அடுத்துக் கப்பல் வந்தது. கப்பலின் மேலேயே, கப்பலைவிடப் பெரிதாக, ஒரு பெண் ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டிருந்தாள்.

அது மிரெல்லா, ஸ்தென்கோவின் காதலி. கப்பல் இறங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஸ்தென்கோ யாருக்கும் தெரியாமல் கேமராவை ஒபாத்தியா கடற்கரைக்குக் கொண்டுபோய், புது ரோலில் பாதியை அவளுக்காகச் செலவழித்திருக்கிறான். பிறகு நல்ல பிள்ளையாக ரோலை டப்பாவில் போட்டுப் பையில் வைத்துவிட்டான். காதல் மயக்கத்தில் நாடா ஒட்ட மறந்துபோய்விட்டது. நெவென்கா ரோலைத் திருப்பியதும் கப்பல் மிரெல்லா இருந்த பாதியின் மேலேயே பதிந்துவிட்டது. பதினாலாயிரம் டன் கப்பல் அந்தப் பெண்ணின் மூக்கிலிருந்து புறப்பட்டு ஐஸ்கிரீமுக்குள் போய் முடிந்தது. பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஸ்தென்கோ முகத்தில் ஈயாடவில்லை.

சிரிப்பு அடங்கியதும் யுரெதிச் நெவென்காவைத்தான் பார்த்தார். திருட்டுத்தனம் செய்தவனுக்குத் தனியாகக் கச்சேரி இருக்கிறது என்றார். ஆனாலும் ரோலுக்குப் பொறுப்பு கேமரா பிடிப்பவர்தான், நாடாவை நம்பாமல் சோதித்துப் போட்டிருக்க வேண்டும் என்றார். எனக்கு இதைக் கேட்கும்போது இன்றும் பற்றிக்கொண்டு வரும். நெவென்காவோ எதிர்த்துப் பேசவில்லை. விதி சரிதான், சோதிக்காதது என் தப்பு என்றாள். ஒரே ஒரு ரோலும் ஒரே ஒரு வாய்ப்பும் மட்டும் கேட்டாள். அடுத்த கப்பல் நவம்பரில்தான் இறங்கும், விழாவுக்கு ஐந்து வாரம்கூட இல்லை, ரோலை வைத்துக்கொண்டு என்னத்தை எடுப்பாய் என்று யுரெதிச் கேட்டார். அது அவளுக்கும் தெரியவில்லை. கடைசியில், பாதி எடுத்து மிச்சமிருந்த ஒரு ரோலைக் கொடுத்தார். இதுவும் போனால் பேச்சு இல்லை என்று சொல்லித்தான் கொடுத்தார்.

அன்று சாப்பாட்டு மேசையில் அவள் வறுத்த மத்தி மீனைத் தொடவேயில்லை. ஃபிரானே அதிகம் பேசாத மனிதர். என்ன என்று ஒரு முறை கேட்டார். அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டுச் சொன்னார்.

"கப்பல் போயிடுச்சு, சரி. நாங்க இருக்கோமில்ல?"

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அதிலிருந்து அவளுக்குப் பிடி கிடைத்துவிட்டது. கப்பலைக் காட்ட வேண்டாம், கப்பலைப் பார்க்கிறவர்களைக் காட்டலாம். கீழே நின்று அதைப் பிடித்துத் தள்ளிவிட்டவர்களின் முகத்தை இதுவரை எவன் எடுத்திருக்கிறான்? எல்லா ஃபிலிமிலும் கப்பலும் ஞானத்தாயும் மந்திரியும்தானே இருக்கிறார்கள்?

காலை பத்து மணிக்குத் தளத்தில் மரெண்டா. ரொட்டியும் மொர்ட்டடெல்லா இறைச்சியும் சாப்பிட அரை மணி நேரம் விடுவார்கள். அந்த அரை மணியில் ஃபிரானேயின் கூட்டம், பதினான்கு பேர், கப்பல் சறுக்கி இறங்கிப் போனபின் காலியாகக் கிடந்த சரிவுமேடையின் ஓரத்தில் வந்து நின்றார்கள். சிலர் வாயில் இன்னும் ரொட்டி இருந்தது. நெவென்கா மேடைக்கு நடுவில், மசகுக் கொழுப்பு ஒட்டிய கட்டைகளின் மேல் கேமராவோடு நின்றாள். ஸ்தென்கோ குற்ற உணர்ச்சியில் குடை பிடிக்காத குறையாகப் பின்னாலேயே நின்றான். லிவியோ கையில் கடிகாரம் இருந்தது.

கப்பல் போவதாக நினைத்து இடமிருந்து வலமாகப் பார்க்க வேண்டும், ரொம்ப மெதுவாக என்று அவள் விளக்க ஆரம்பித்தாள். ஃபிரானே கையை உயர்த்தினார். "முப்பத்தொரு கப்பல் இறக்கியிருக்கோம் நேவா. எங்களுக்கா சொல்லித் தர்ற? நீ உன் கேமராவைப் பாரு."

சுத்தியலை எடுத்துக் கட்டையில் மூன்று முறை அடித்தார். பதினான்கு பேரும் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு நிமிர்ந்தார்கள்.

"அமுக்கு" என்று ஸ்தென்கோ காதருகில் கிசுகிசுத்தான். அவள் அமுக்கவில்லை. "அமுக்கேன், என்ன பண்றே" என்று பல்லைக் கடித்தான். அவள் அசையவில்லை. கட்டை எடுத்ததும் கப்பல் ஓடிவிடாது. சில விநாடி அப்படியே நிற்கும், போகலாமா வேண்டாமா என்று யோசிக்கும். சின்ன வயதிலிருந்து வேலியோரம் நின்று அதைப் பார்த்தவள் அவள். கேமராவில் இருப்பதோ முப்பத்தைந்து விநாடி. கப்பல் யோசித்து முடித்துவிட்டது என்று அவளுக்கு யார் சொல்வது? அப்பாவின் கண்ணையே பார்த்தாள். அந்தக் கண்ணிமை லேசாக ஆடியது. அமுக்கினாள்.

பதினான்கு தலைகளும் ஒன்றாகத் திரும்பின. முதலில் நூல் அளவு, பிறகு கொஞ்சம், பிறகு வேகமாக. யாரும் யாரையும் பார்த்துத் திரும்பவில்லை. சும்மா சிரித்துக்கொண்டு நின்ற வெல்டிங் ஆள் ஒருவர் பாதியில் சிரிப்பை நிறுத்திவிட்டார். உதடுகள் எதையோ எண்ணின. கடைசியில், காலியான தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, எல்லோரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டார்கள். ஃபிரானே தொப்பியை எடுத்தார். கேமரா நின்றது. லிவியோ கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, முப்பத்தைந்து என்றான். கப்பல் போன திசையில் நெவென்காவும் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டாள்.

படத்தை வெட்டி ஒட்டியதில் ஸ்தென்கோவின் சோக இளைஞன் முழுசாகக் கழன்றுபோனான். சுத்தியல்கள், பிறகு முகங்கள், இரண்டரை நிமிஷம், தீர்ந்தது.

பூலாவும் கப்பல் கட்டுகிற ஊர்தான். விழா நடந்த தொழிலாளர் மண்டபத்தில் பாதிக்கு மேல் தளத்து ஆட்கள். அங்கே படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, நடுவர்களும் ஜனங்களும் எல்லோர் முன்னாலும் விவாதிப்பார்கள். நெவென்காவின் படத்துக்கு நல்ல கைதட்டல். நடுவர் ஒருவர் எழுந்து, இது அப்பட்டமான உண்மை, ஆவணப் படம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று புகழ்ந்து தள்ளினார். அப்போது பின்வரிசையில் மாத்தே என்ற தளத்துக்காரர் ஒருவர் எழுந்தார். இடது கையில் இரண்டு விரல் இல்லை.

"இதுல ஒரு பொய் இருக்கு" என்றார். "கேமரா நின்ன இடம் கப்பல் போற பாதை. எடுத்தவன் நசுங்கிச் செத்திருக்கணும்."

யுரெதிச் நாற்காலியில் ஓர் அங்குலம் கீழே இறங்கினார். வெளியூர் வந்து மானம் போயிற்று, ஆவணப் பிரிவிலிருந்து படத்தைத் தூக்கிவிடுவார்கள், கேமராவும் போயிற்று என்று நெவென்கா நினைத்தாள். இருந்தாலும் எழுந்துவிட்டாள்.

"எடுத்தது நான்தான். சாகலை" என்றாள். கொஞ்சம் பேர் சிரித்தார்கள். "கப்பலை எடுத்த ரோல் கெட்டுப்போச்சு. சோதிக்காம போட்டது என் தப்பு. அதனால காலி மேடையில இவங்களைப் பார்க்கச் சொன்னேன். நான் சொல்லித் தரலை. அவங்களாத்தான் பார்த்தாங்க." சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

ஸ்தென்கோ தலையைக் குனிந்துகொண்டான். அவன் பெயரை அவள் எடுக்கவேயில்லை. நடுவர்கள் ஒருவர் காதில் ஒருவர் குசுகுசுத்தார்கள். மாத்தே மட்டும் உட்காரவில்லை. வெறுமையாகிவிட்ட திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் பதினாலாயிரம் டன்னுன்னு நெனச்சேன்" என்றார். "தலை திரும்பின வேகத்தைப் பார்த்து."

நெவென்காவுக்குப் பக்கத்தில், கல்யாணத்துக்குத் தைத்த பழைய கோட்டில் உட்கார்ந்திருந்த ஃபிரானே, எழுந்திருக்காமலே பதில் சொன்னார். "பதினாலாயிரத்து இருநூறு."

"அதான பார்த்தேன்" என்றார் மாத்தே. "அப்ப பொய் இல்லை. உட்காருங்க எல்லாரும்." நிற்பவர் அவர் ஒருவர்தான் என்பது அவருக்கு உறைக்கவேயில்லை. மண்டபத்திலிருந்த தளத்து ஆட்கள் முதலில் தட்டினார்கள், பிறகு மற்றவர்கள். இந்தத் தடவை கைதட்டல் நிற்க வெகு நேரமாயிற்று.

படம் ஆவணப் பிரிவிலேயே இருந்தது, மூன்றாம் பரிசு. முதல் பரிசு ஏதோ பட்டாம்பூச்சிப் படத்துக்குப் போனது, அதன் பெயர் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? பஸ் ஏறும்போது யுரெதிச் கேமராப் பையைத் தானே எடுத்து வந்து நெவென்காவின் தோளில் மாட்டிவிட்டார். கிளப் அலமாரியில் வைக்க வேண்டாம், வீட்டிலேயே வைத்துக்கொள், ரோலை மட்டும் சோதித்துப் போடு என்றார். ரியெகா வரும்வரை ஃபிரானே, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், கப்பல் போகிற பாதையில் நின்று படம் எடுத்தவள் தன் மகள் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.